வெள்ளைக்காரிக்கு என் தொண்டை

அமெரிக்காவில் ஒரு நடிகை இருக்கிறாள். பெயர் வேண்டாம். சொன்னால் "ஓ, அவளா!" என்பீர்கள், அதற்குப் பிறகு நான் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அவளுக்குப் பதினாறு வருஷம் தமிழில் பேசியவள் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் அவள் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு "கைய விட்றாத!" என்று கத்தியபோது, நீங்கள் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டது என் தொண்டையை.

அவளுக்கு என்னைத் தெரியாது. தமிழ் என்று ஒரு பாஷை இருப்பதாவது தெரியுமோ என்னவோ. ஆனால் அவள் வாழ்க்கை அவள் புருஷன்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். புருஷன்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருத்தராவது நாலு வருஷத்துக்கு மேல் அவள் வாயைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். நான் பதினாறு வருஷமாகப் பார்த்தேன். டப்பிங் என்றால் அதுதான் வேலை. கண்ணைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கதைக்குள் போய்விடுவோம். வாயைப் பார்க்க வேண்டும். எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது. அவள் உதடு மூடும் இடத்தில் நம் வசனத்தில் ஒரு 'ம'வோ 'ப'வோ வந்து விழவேண்டும். விழாவிட்டால் சவுண்ட் இன்ஜினியர் "ஒன் மோர்க்கா" என்பான்.

அவள் சினிமாவுக்கு வந்தது இருபது வயதில், ஒரு பேய்ப் படத்தில். வசனம் ஒன்பது வரிதான். மிச்சமெல்லாம் அலறல். அலறல் எல்லா பாஷைக்கும் பொதுதானே, அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்டேன். "இல்லக்கா, தமிழ்ல கத்துங்க" என்றார்கள். தமிழில் கத்தினேன். இந்தப் பழைய படங்கள் எல்லாம் டிவிக்காகப் பிற்பாடு, நான் சென்னையிலேயே இருந்த காலத்தில் வந்தவை, வரிசையும் கிடையாது. மூன்றாவது புருஷன் காலத்துப் படத்தை முடித்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் முதல் புருஷன் காலத்துப் படம் காத்திருக்கும். ஒரே மாதத்தில் அவளுக்கு நாற்பது வயதாகி, இருபத்தி மூன்றாகி, மறுபடி முப்பத்தைந்தாகும்.

பிறகு காதல் படங்கள். எல்லாவற்றிலும் ஒரு பூக்கடை வைத்திருப்பாள். கடைக்கு ஒரு ஈ காக்கா வராது. ஆனால் வீடு மட்டும், துபாய் பக்கத்தில் அஜ்மானில் இப்போது நாங்கள் இருக்கும் பில்டிங் முழுக்க உள்ளே அடங்குகிற அளவுக்கு இருக்கும். அதன் பிறகு ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றினாள். நடுவில் ஒரு படத்தில் மேக்கப் போடாமல், தலை சீவாமல், மூக்கைச் சிந்திக்கொண்டே நடித்தாள். அதற்குப் பெரிய விருது கொடுத்தார்கள். நானும் வருஷக் கணக்காகத் தலை சீவாமல்தான் மகளை ஸ்கூல் பஸ் ஏற்றியிருக்கிறேன். எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட யாரும் கொடுத்ததில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவள் முகத்தில் கை வைத்தாள். பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒரு படத்தில் என்ன செய்தும் லிப் ஒட்டவில்லை. நான் 'ம' சொல்லி முடித்த பிறகும் அவள் வாய் திறந்தே கிடக்கிறது. ஃபைலில் கோளாறு என்று நினைத்து இன்ஜினியரைத் திட்டினேன். அவன் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஃபைல் கரெக்டா இருக்குக்கா. அவங்க உதடுதான் லேட்டு" என்றான். ஊசி போட்டு வீங்க வைத்த உதடு, சொன்ன நேரத்துக்கு மூடுமா? நெற்றியும் அசையவில்லை. அதே படத்தில் மகன் செத்துப்போகிறான், இவள் முகம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. அந்த அழுகை முழுக்க என்னுடையது. படம் பார்த்தவர்கள் "என்னமா அழுதிருக்கா!" என்று அவளைப் புகழ்ந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஷார்ஜாவில் சேஃப்டி ஆபீசர் வேலை. வாடகை குறைவு என்பதால் வீடு அஜ்மானில். என் விசாவில் தொழில் என்ற இடத்தில் ஹவுஸ்வைஃப் என்றிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனால் பில்டிங்கில் எனக்குப் பெயர் 'ஹாலிவுட்டு அக்கா'. மூன்றாவது மாடி மதுரைக்காரிதான் இந்தப் பட்டத்தைக் கொடுத்தவள். "ஏங்க்கா, அவ நேர்லயும் அம்புட்டு அழகா?" என்று கேட்பாள், ஏதோ நானும் அந்த நடிகையும் தினம் மீன் மார்க்கெட்டில் பார்த்துக்கொள்கிற மாதிரி. நானும் "ம், பரவால்ல" என்பேன். மறுக்கவா தோன்றும்? குக்கர் விசிலுக்கும் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது இந்த ஒரு வெள்ளைக்காரிதான். அவள் வருஷத்துக்கு ஒரு படம் நடிப்பாள். நான் லீவில் சென்னை போகும்போது பேசிவிட்டு வருவேன். அந்த நாலு நாள்தான் நான் ஒரு ஆள்.

போன வருஷம் அவளுடைய ரப்பர் உடுப்புப் படங்களில் கடைசிப் படம் டப்பிங்குக்கு வந்தது. சென்னையிலிருந்து டப்பிங் கோஆர்டினேட்டர் போன் செய்தார்.

"மேடம், ஒரு சின்ன வாய்ஸ் டெஸ்ட்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் மேடம். வீட்லேர்ந்தே எடுத்து அனுப்பினா போதும்."

பதினாறு வருஷம் குடும்பம் நடத்தின பிறகு பெண் பார்க்க வருகிறோம் என்றால் எப்படி இருக்கும்? எதற்கு டெஸ்ட் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் இழுத்தார். "இல்ல மேடம், இந்தப் படத்துல அவங்க போன படத்தவிடச் சின்னவங்களா தெரியிறாங்க. உங்க வாய்ஸ் கொஞ்சம் மெச்சூர்டா போயிடுச்சோன்னு மேல ஃபீல் பண்றாங்க."

எனக்கு வயது நாற்பத்திநாலு. அவளுக்கு ஐம்பத்தொன்று. அவள் முகத்தை இழுத்துத் தைத்துக்கொண்டால் நான் தொண்டையை எங்கே போய்த் தைப்பது? இதை அவரிடம் கேட்கவில்லை. "சரிங்க, அனுப்புறேன்" என்றேன். இந்தப் படம் போனால் அவள் போனாள், அவள் போனால் எனக்கு விசாவில் எழுதியிருப்பதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் மாதம். எங்கள் படுக்கையறை அலமாரிதான் ஸ்டூடியோ. பட்டுப்புடவைகளை ஒதுக்கி, மூன்று பக்கமும் கம்பளி தொங்கவிட்டு, உள்ளே ஒரு முக்காலி. ஏசி ஓடினால் மைக்கில் இரைச்சல் வரும், அதனால் நிறுத்தியாக வேண்டும். அஜ்மானில் ஆகஸ்டில் ஏசியை நிறுத்திவிட்டு அலமாரிக்குள் உட்கார்ந்து, பனிமலையில் குளிரில் நடுங்கிக்கொண்டே பேசுகிற வசனத்தைப் பேசினேன். மேல் வீட்டில் யாரோ கட்டிலை இழுத்தார்கள். என் வீட்டுக்காரர் பனியனோடு கதவருகே நின்று, ஒவ்வொரு டேக்குக்கும் "நல்லாருக்கு" என்றார். வாந்தி எடுத்திருந்தாலும் நல்லாருக்கு என்றிருப்பார்.

முதலில் என் குரலில் பேசினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் 'மெச்சூர்டு' என்ற சொல் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அதை அழித்துவிட்டு, குரலை மெலிதாக்கி, மூக்கருகே தூக்கி, பத்து வருஷத்துக்கு முன்னால் நான் எப்படிப் பேசினேனோ அப்படிப் பேசப் பார்த்தேன். என்னையே நான் மிமிக்ரி செய்தேன். கேட்டால் காய்ச்சல் வந்த ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. அதைத்தான் அனுப்பினேன். புத்தி கெட்டுப் போனால் அப்படித்தான்.

மூன்றாம் நாள் வாட்ஸப்பில் பதில் வந்தது. இந்தத் தடவை ஒரு ஃப்ரெஷ் வாய்ஸ் முயற்சி செய்கிறார்களாம். கூடவே இரண்டு கும்பிடு பொம்மை.

பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த அழுகையைக் கேட்கத் தமிழ்நாட்டில் ஒருத்தரும் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு குப்பை போடக் கீழே போனால் லிஃப்டில் மதுரைக்காரி. டெஸ்ட் விஷயத்தை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். "என்னக்கா, டெஸ்டு என்னாச்சு?" என்றாள். "ஓகே ஆயிடுச்சு" என்றேன். ஏன் சொன்னேன்? வேறென்ன, கௌரவம்தான். தோற்றுப்போனேன் என்று அந்தக் குப்பைப் பையோடு நின்று சொல்ல வாய் வரவில்லை. மகளிடமும் அதையே சொன்னேன். வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். "சொல்லித் தொலைச்சிரு, கலாஸ், அதோட முடிஞ்சிரும். நாளைக்குப் படம் வந்தா என்ன பண்ணுவ?" என்றார். படம் வருவதற்குள் யாராவது லீவில் ஊருக்குப் போவார்கள், யாராவது மறந்துபோவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரும் மறக்கவில்லை. ஷார்ஜாவில் தமிழ் வெர்ஷன் ரிலீஸ் என்று மதுரைக்காரிதான் முதலில் கண்டுபிடித்தாள். பில்டிங் லேடீஸ் குரூப்பில் போட்டாள்: "சனிக்கிழமை மதிய ஷோ, அக்கா வாய்ஸ கேக்க எல்லாரும் வாங்க." எங்கள் வீட்டில் மூன்று பேர், மதுரைக்காரியோடு சேர்த்து பில்டிங் பெண்கள் நாலு பேர், ஏழு டிக்கெட். வண்டியும் அவளுடையது. ஓட்டுவது என் வீட்டுக்காரர். எனக்குத் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். பெனடால் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் வெள்ளைக்காரி வந்தாள். கன்னம் பளபளவென்று, கழுத்து மட்டும் கொஞ்சம் உண்மை சொல்லிக்கொண்டு. வாயைத் திறந்தாள். எங்கள் வரிசை முழுக்கக் கைதட்டியது.

எனக்குப் பதிலாகப் பேசிய அந்தப் பெண் யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு என்னைத் தெரியும். என் பழைய படங்களையெல்லாம் கொடுத்து, இதேபோல் பேசு என்று சொல்லியிருக்கிறார்கள். கோபம் வந்தால் கடைசி வார்த்தையை நான் விழுங்குவேன், அவளும் விழுங்கினாள். அழுவதற்கு முன்னால் நான் ஒரு அரை மூச்சு எடுப்பேன், அவளும் எடுத்தாள். முப்பது வயதில் நான் எப்படி இருந்தேனோ, அப்படியே. மட்டமாகப் பேசியிருந்தால் நிம்மதியாகப் பாப்கார்ன் தின்றிருப்பேன். நன்றாகப் பேசினாள். அலமாரிக்குள் வேர்த்துக்கொண்டு நான் எதைச் செய்யப் பார்த்தேனோ, அதை அவள் சிரமமே இல்லாமல் செய்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, யூ ஆர் ஸோ குட்" என்று காதோடு சொன்னாள். நான் கல்யாணப் பெண் மாதிரி தலையை ஆட்டினேன்.

இன்டர்வெல்லில் மதுரைக்காரி சும்மா இருந்தாளா? பின் வரிசையில் இருந்த கோயம்புத்தூர்க் குடும்பத்திடம் திரும்பி, "இந்த அக்காதாங்க அந்தக் குரலு" என்றாள். அவர்கள் எழுந்து வந்து என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சிரித்தேன். அந்த ஃபோட்டோ இப்போதும் யாரோ ஒருவர் போனில் இருக்கும். அதில் என் முகம் ஊசி போட்டுக்கொண்டது மாதிரிதான் இருக்கும்.

படம் முடிந்து திரும்பும்போது நல்ல டிராஃபிக். வண்டி நகரவில்லை. மதுரைக்காரி நடு சீட்டில் இருந்து முன்னால் குனிந்து, "அக்கா, அந்தக் கடைசி சீன் டயலாக்க ஒருவாட்டி சொல்லுங்கக்கா. 'நான் போறேன், நீ கதவச் சாத்திக்க'ன்னு சொல்லுவீங்கள்ல, அது" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் "அவளுக்குத் தலைவலி, விடுங்க" என்றார். யாரும் விடவில்லை.

எனக்குள் ஒரு வெறி வந்தது. சரி, கேளுங்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரலை மெலிதாக்கவில்லை, தூக்கவில்லை. நாற்பத்திநாலு வயதுக் குரலில், இருக்கிறபடி இருக்கிற என் குரலில், சொன்னேன். வாழ்க்கையில் நான் அதைவிட நன்றாக ஒரு வரி பேசியதில்லை. இன்றைக்கும் அதை அடித்துச் சொல்வேன்.



"நல்லாத்தேன் இருக்கு" என்றாள் மதுரைக்காரி. மனசாரத்தான் சொன்னாள். "ஆனா தியேட்டர்ல இன்னும் நல்லாருந்துச்சுக்கா."

"மைக்ல பேசுனா வேறதான்" என்றாள் இன்னொருத்தி.

பின் சீட்டிலிருந்து என் மகள் சொன்னாள்: "ஆமாம்மா. தியேட்டர்ல கேட்டதுதான் உன் வாய்ஸ் மாதிரி இருந்துச்சு."

"அது நான் இல்ல" என்றேன்.

வண்டி முழுக்கச் சிரிப்பு. மதுரைக்காரி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.