கடலைப்பொட்டு தின்ற செவலை

எங்கள் செவலைப் பசு கன்று போட்டும் பால் சரியாகச் சுரக்கவில்லை. புண்ணாக்கு விற்ற விலைக்கு அதன் வயிற்றை நிரப்ப எங்களுக்கு வக்கில்லை. முப்பதுகளில் மயிலாப்பூரில் மாட்டை வீட்டுக்கு வீடு ஓட்டிப்போய், வாசலிலேயே கறந்து ஊற்றுவதுதான் வழக்கம். செம்பு அரையோடு நின்றால் வீட்டம்மாக்கள் சும்மா விடுவார்களா? என் வீட்டுக்காரர் ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இத்த வச்சிக்கினு இன்னா மே பண்றது? அமாவாச கழிச்சி தரகன் வரான். குட்த்துடலாம்."

தரகன் ஓட்டிப்போகும் மாடு எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாதா? நேரே கச்சேரி ரோட்டுச் சந்தில் பொட்டுக்கடலை வறுக்கும் பாயிடம் போனேன். புடைத்தெடுத்த தோலும் நொறுங்கலுமான பொட்டை அவர் அடுப்பில் அள்ளிப் போட்டு எரிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"அத்த ஏன் பாய் எரிக்கிறே? எம் மாட்டுக்குக் குடேன்."

"அள்ளிக்கினு போம்மா. மாடு துன்னுதா பாரு" என்று சிரித்தார்.

முதல் நாள் உலர்ந்தபடியே வைத்தேன். செவலை ஒரு மூச்சு விட்டதுதான் தாமதம், பொட்டு முழுக்க என் முகத்தில்! மறுநாள் வீடுகளில் வாங்கிய கழுநீரில் ஊறவைத்து, உப்புப் போட்டுக் கலந்தேன். தொட்டியை நக்கியே துடைத்துவிட்டது.

கொஞ்ச நாளில் மடி கனத்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் குளத்தங்கரை வக்கீல் வீட்டு அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சட்டைக் கைக்குள் தண்ணீர்ப் பையை ஒளித்துவைத்துக் கறக்கும் எத்தர்கள் அப்போது உண்டு.

"நேத்து வரைக்கும் சொட்டிண்டிருந்த மாடு இன்னிக்குக் கொட்டறதே! சட்டையைக் கழட்டுடாப்பா."

கறந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து சட்டையைக் கழற்றித் தெருவில் வீசினார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காவடி எடுத்தவர்போல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். டிராமுக்கு நின்றவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு அப்போதும் திருப்தியில்லை. எனக்கு வந்ததே கோபம்!

"நீங்களே கறந்து பாருங்கம்மா!"

"ஏன், எங்காத்துல மாடே இருந்ததில்லையா? எனக்குக் கறக்கத் தெரியாதா?" என்று புடவையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். 'உதைத்துத் தொலைக்காதேடி, என் கண்ணே' என்று செவலையிடம் முணுமுணுத்து, கபாலீசுவரரையும் வேண்டிக்கொண்டே கன்றைப் பிடித்திருந்தேன். சர்ர், சர்ர் என்று பால் இறங்கியது. நுரை செம்பின் விளிம்புக்கு மேலே எழும்பியது.

"உள்ளேர்ந்து இன்னொரு செம்பு கொண்டு வாங்கோ!" என்று அந்த அம்மா கத்தியபோது தெருவே கைதட்டியது. நான் விசிலடிக்காததுதான் பாக்கி.

அமாவாசை கழிந்து தரகன் கயிற்றோடு வந்தான். வரவேண்டாம் என்று இவர் சொல்லி அனுப்பவில்லையே, விற்பதாகத்தான் இருக்கிறாரோ என்று நினைத்தேன். ஒரு கை பார்த்துவிடுவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

இவர் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுப் பொட்டு பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"விக்கிற மாடு எங்கூட்டுல ஒண்ணும் இல்ல. போ நைனா."

சண்டைக்கு வந்த நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.