நிஞ்ஜாவின் முதல் பாடம்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் இன்று பின்னேரமே இருட்டிவிட்டது. அம்மா தொழிற்சாலையில். "தங்கச்சியைத் தனிய விடாதை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நாங்கள் இருவரும் ஒரு ஜப்பானியப் படம் பார்த்தோம். பிள்ளைகள் நிஞ்ஜாக்களாகப் பயிற்சி எடுக்கும் நகைச்சுவைப் படம். அவர்களுடைய முதல் பாடம், சத்தமில்லாமல் நடப்பது.

படம் முடிந்ததும், "அக்கா, நான் நிஞ்ஜா. கண்டுபிடி பாப்பம்!" என்று தங்கை ஓடி மறைந்தாள்.

அறை அறையாகத் தேடினேன். வாசலில் அவளுடைய சப்பாத்து இருந்தது, ஆகவே வெளியே போகவில்லை.

அப்போது என் பின்னால் மரத்தரை மெல்ல முனகியது. நான் நின்றால் அதுவும் நின்றது.

பின்தொடர்கிறாள்! அவளுடைய விளையாட்டைக் கெடுக்க மனமில்லாமல், திரும்பாமலே சொன்னேன்: "குதிக்கால் சத்தம் கேக்குது, குட்டி. படத்தில மாதிரி முதல்ல விரலை ஊண்டு."

அதன்பிறகு நான் நடந்தபோதும் பின்னால் சத்தமே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பாராட்டலாம் என்று திரும்பினேன்.

யாரும் இல்லை.

நான் போய்க்கொண்டிருந்த பக்கத்தில், சாமிப்படத் தட்டின் கீழ்த் திரையை விலக்கிக்கொண்டு தங்கை தலையை நீட்டினாள். வாய் நிறையக் கற்கண்டு.

"அக்கா, ஆரோட கதைக்கிறாய்?"

இப்போது இருவரும் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டு அம்மாவின் கார் வரும்வரை காத்திருக்கிறோம். தரை முனகவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இவ்வளவு விரைவாகப் பாடம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்களா?