கட்டியவளையே கட்டச் சொன்னார்கள்

ஐயர் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம். பேச்சாளர்கள் வாழ்த்தி வாழ்த்தியே சாம்பாரை ஆறவைத்தார்கள். எங்கள் சுயமரியாதைத் திருமணம் அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அதற்குச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் எழுபதுகளில் டொராண்டோவில் எனக்கு வாய்த்த குடிவரவு அதிகாரிக்கு அது தெரிய வேண்டுமே!

மனைவியையும் மூன்று வயது மகளையும் அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தேன். அவர் கல்யாணப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூசாரி எங்கே?”

மைக் பிடித்து நின்ற கட்சிக்காரரைக் காட்டினேன்.

“இவர் அரசியல்வாதி அல்லவா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கெட்ட மனிதர் இல்லை. சுருக்குவழியும் சொன்னார். நான் மணமாகாதவன் என்று கையெழுத்துப் போட்டால், அவளை ‘வருங்கால மனைவி’ என்று வரவழைத்து இங்கே கட்டிக்கொள்ளலாமாம்.

அறையில் என்னோடிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் சிரித்தார்.

“உது வெறும் பேப்பர்தானே, ஐசே! சைன் வைச்சுக் குடும். உம்மட கொள்கை வந்து உமக்குச் சமைச்சுத் தருமோ?”

அவர் வேலைக்குப் போனபின் ரொட்டியையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தேன். கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது, போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை டிரங்க் கால் கிடைத்தது. ஊரில் மருந்துக்கடை போனுக்கு அவளை வரச் சொல்லியிருந்தேன். கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப நமக்குக் கல்யாணமே ஆகலையா?”

“பேருக்குத்தான்மா...”

“தாலி கட்டிக்கடின்னு எங்கம்மா அழாத நாளில்ல. தெருவுல பேசாத பேச்சில்ல. நான் உங்க பொண்டாட்டிதான்னு ஒத்தையா நின்னு சண்டை போட்டுட்டிருக்கேன். இப்ப நீங்களும் அவங்க பக்கம் போயிட்டீங்களா? இந்தாங்க, நீங்க யாருன்னு இவகிட்டயே சொல்லுங்க.”

“யாரு?” என்றாள் மகள்.

பாவி, எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. “நான் அப்பாடா கண்ணு” என்று நான் கத்தியபோது இணைப்பு போய்விட்டிருந்தது.

மறுநாளே அதிகாரியிடம் போனேன். நான் கல்யாணமானவன், வேறுமாதிரி எழுதித் தர மாட்டேன் என்றேன்.

“அப்படியானால் நாளாகும்” என்றார்.

ஆகட்டும் என்றேன். ஆனது. மகளின் நான்காம் பிறந்தநாளையும் ஐந்தாம் பிறந்தநாளையும் அந்த அறையில் நான் மட்டும் பாயசம் வைத்துக் குடித்தேன்.