பின்சீற்றில் ஆள் இருந்தால்

என் காருக்கு அளவுக்கு மீறிய அகலச் சக்கர ரிம் போட்டது என் கொழுப்பு. வன்னியில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி இங்கே, புலம்பெயர்ந்த நாட்டில், ஊர்வலங்களுக்குப் போன மாதங்களில், பின்சீற்றில் மூன்று சிநேகிதர்கள் நெருங்கியிருப்பார்கள். தெருவின் ஒவ்வொரு குழியிலும் பின் ரயர் மேலேயுள்ள மட்காட்டில் கரகரவென்று உரசும். “உந்தச் சத்தத்தை முதல்ல நிப்பாட்டடாப்பா” என்று திட்டுவார்கள்.

யுத்தம் முடிந்தது, ஊர்வலங்களும் நின்றன. அதற்குப் பிறகு ஒருவரும் என் காரில் ஏறவில்லை, போனும் எடுக்கவில்லை. சத்தமும் நின்றுவிட்டது. ஆனாலும் பின் ரயரின் ஓரம் தேய்ந்திருந்ததால் ஸ்காபரோவில் ஒரு கராஜுக்குப் போனேன்.

மெக்கானிக் மட்காட்டின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தார். “பின்னுக்குப் பாரம் இருந்தாத்தான் உரசும். ஆக்களை ஏத்திக்கொண்டு வாரும், எவ்விடமெண்டு பாப்பம்.”

“ஏத்த ஒருத்தரும் இல்லை, அண்ணை.”

அவர் தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு அரிசி மூட்டைகளைப் பின்சீற்றில் அடுக்கி, பக்கத்தில் தானும் ஏறி இருந்தார்.

நான் காரைத் தெருவில் இறக்க, முதல் குழியிலேயே அந்தச் சத்தம் கேட்டது.

“ஓம், இடப்பக்கம். பிடிச்சாச்சு. திருப்பும்,” என்றார்.

கேளாதவன்போல, இன்னொரு குழியைத் தேடி, அடுத்த சந்தியையும் தாண்டி ஓட்டினேன்.