நாற்பது வீட்டுப் படிகள்

ஜனவரிக் காலையில் புனே கேம்ப் பகுதியின் பழைய கட்டடங்களில் மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் விரல் விறைத்துப்போகும். கீழே பேக்கரியில் பாவ் ரொட்டி வெந்துவரும் வாசனை மூன்றாம் மாடி வரைக்கும் கூடவே ஏறி வரும். மாடிப்படியை நாங்கள் தமிழில் சொன்னதே இல்லை, "ஜினா" என்றுதான் சொல்வோம். எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டு, அப்பாவோடு நான் ஏறாத ஜினா புனேயில் இல்லை.

எங்கள் தமிழ்க் குடும்பங்கள் நாற்பதும் சேர்ந்து வைக்கும் பொங்கலுக்கு ஆண்டுக்கொரு தலைவர். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மூன்று பெரியவர்கள். அவர்களில் மூத்தவர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் தாத்தா. தலைவருக்கு மாலையும் கிடையாது, மேடையும் கிடையாது. நாற்பது வீட்டுக்கும் நேரில் போய், "வீட்டோட வந்து பொங்கலை நடத்திக் குடுக்கணும்" என்று வாய் நிறைய அழைக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டார், "வந்துட்டோம்னு வச்சுக்கிடுங்க" என்று சொல்ல வேண்டும். நாளெல்லாம் இந்தியிலும் மராத்தியிலும் புழங்குகிறவர்கள்கூட அந்த இரண்டு வரியில் பிற மொழி கலக்கக் கூடாது என்பது பெரியவர்களின் கண்டிப்பு. "போன்ல சொன்னா அது தகவல், படியேறிச் சொன்னாத்தான் அழைப்பு" என்பார் தாத்தா. ஒரு வீடு விட்டுப்போனாலும் பானை அடுப்பில் ஏறாது.

அந்த ஆண்டு தாத்தா அப்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. நாற்பதில் ஒன்று பெரியப்பா வீடு. அத்தை கல்யாணப் பந்தியில் ஏதோ பேச்சுத் தடித்து, அண்ணனும் தம்பியும் மூன்று வருடமாக முகம் பார்க்காமல் இருந்தார்கள். பெரியப்பா மகளோடு விளையாட முடியாத ஏக்கம் எனக்கு. "வேற யாரையாச்சும் போடுங்க மாமா" என்று அப்பா கேட்டுப் பார்த்தார். "உன்னையப் போட்டதே அதுக்குத்தாம்ல" என்று சொல்லிவிட்டுத் தாத்தா பேப்பரை விரித்துக்கொண்டார்.

மற்ற வீடுகளையெல்லாம் முடித்து, பொங்கலுக்கு முந்தின நாள் பெரியப்பா வீட்டுப் படியேறினோம். இரண்டாம் மாடியில் அப்பா நின்றுவிட்டார். திரும்பிவிடுவாரோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி ஏறினார்.

கதவைத் திறந்தது பெரியப்பாதான். அப்பா முன்பின் தெரியாதவரை அழைப்பதுபோல், தரையைப் பார்த்தபடி, "வீட்டோட வந்து பொங்கலை நடத்திக் குடுக்கணும்" என்றார். பெரியப்பா கதவை அகலத் திறந்துவிட்டு, "வந்துட்டோம்னு வச்சுக்கிடுங்க" என்றார். தம்பியிடம் அவர் மரியாதை போட்டுப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். அதன் பிறகே, "உள்ள வாலே, பிள்ளை குளிர்ல நிக்கா" என்றார். அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, பெரியப்பாவுக்கு இறங்கிவரத் தெரியாது. அந்த இரண்டு வரி மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது. பெரியம்மா அவசரமாக டீ போடப் போனார்.

பெரியவர்கள் மூவரும் இப்போது இல்லை. புனேயின் கராடிப் பக்கத்து ஐடி குடும்பங்களும் சேர்ந்து, பொங்கல் முன்னைவிடப் பெரிதாகவே நடக்கிறது. அழைப்பு வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் வருகிறது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போதும். குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அதைத்தான் அனுப்புகிறேன். அதே குழுவில் என் தம்பியும் கட்டைவிரல் அனுப்புகிறான். நாங்கள் இருவரும் பேசி நாலு வருடமாகிறது. அவனை நினைக்காத நாளில்லை. அவன் வீட்டுக்கு நான் போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்ல, இப்போது யாரும் இல்லை.