தெமோதரையில் அம்மாவின் கழுத்துக்கு வைத்தியம்

போன மார்கழியில் அம்மா, சித்தப்பா, நான் மூவரும் பதுளையிலிருந்து தெமோதரைக்குப் போய்வந்தோம். அம்மாவுக்கு ஒரு வருஷமாக விட்டுவிட்டுத் தலைவலி. வந்தால் ஜன்னலைச் சாத்தி, நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். ஆஸ்பத்திரி மருந்துக்கும் கேட்கவில்லை, திருஷ்டி கழித்தும் போகவில்லை. தை பிறந்ததும் அவரைக் கப்பலேற்றித் திருச்சியில் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று அப்பா தீர்மானித்தார். எப்போது திரும்புவார் என்று கேட்டேன். "கொணமானதும்" என்றார். குணமாகாவிட்டால் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடைக்கு வந்த ஒரு தேயிலைத் தோட்டக் கங்காணி, தெமோதரையில் எலும்பு முறிவுக்குப் பார்க்கும் சிங்கள வைத்தியரைப் பற்றிச் சொன்னார். அங்கே பெண்களுக்கு வைத்தியரின் மனைவியே பார்ப்பாராம். கழுத்தைச் சரிசெய்து தலைவலியைப் போக்குவாராம்.

காலை ஆறரை வண்டியில் ஏறினோம். எட்டு மைல் தூரம். மூன்றாம் வகுப்பில் ஆளுக்குப் பதினெட்டுச் சதம். ஹாலிஎல தாண்டியதும் மலை இரு பக்கமும் நெருங்கி வந்தது. ஒரு சுரங்கத்தில் நுழைந்து வெளிவந்த ரயில், மலையைச் சுற்றி வளைந்து ஏறி நின்றது. இறங்கிப் பார்த்தேன். சற்றுமுன் நுழைந்து வந்த சுரங்கம் ஸ்டேஷனுக்கு நேர் கீழே இருந்தது. ரயில் தன் தலைக்கு மேல் தானே ஏறி வந்திருக்கிறது. எங்கள் பூகோளப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மா எதையும் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணை மூடியிருந்தார்.

அங்கிருந்து ஒன்றரை மைல் மாட்டு வண்டி. கூலி ஐம்பது சதம்.

"வைத்தியர் வீட்டுக்கா?" என்றார் வண்டிக்காரர். "போறப்ப மொனகிக்கிட்டே வருவாங்க. திரும்புறப்ப கூலிக்குச் சண்ட போடுவாங்க. அத வச்சுத்தான் கொணமாச்சுன்னு நான் கண்டுக்கிறது."

"எங்க அண்ணி நல்லா இருந்த காலத்துல சந்தையே நடுங்கும். கொணமானா ஒங்க பாடு கஷ்டங்க" என்றார் சித்தப்பா. அம்மா சிரிக்கவில்லை.

வைத்தியர் மனைவி தோட்டத்தாரோடு பழகித் தமிழ் நன்றாகவே பேசினார். சித்தப்பாவை வாசலில் இருக்கச் சொல்லி, அம்மாவை உள்ளே மணையில் உட்காரவைத்தார். பின்கழுத்தில், மண்டை தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி, "எங்க வலிக்குது?" என்றார்.

"வலது கண்ணுக்குப் பின்னால" என்றார் அம்மா, திகைத்துப்போய்.

அழுத்தியது ஓரிடம், வலித்தது வேறிடம். ஒரு வருஷமாக நாங்கள் நெற்றிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தோம்.

"இந்தக் கொடியக் கழட்டி வைங்க. எண்ண தடவணும்."

அம்மா தாலிக்கொடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "கழட்ட மாட்டேன். அவரு கடையில நல்லா இருக்காரு."

"கை போக எடம் வேணுமே அம்மா. கழுத்தத் திருப்பும்போது அது நெருக்கும்."

"அப்ப வேணாம். நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

அம்மா எழுந்தேவிட்டார். எனக்குத் திருச்சி ஞாபகம் வந்தது. "கழட்ட வேணாம். நான் தூக்கிப் பிடிச்சுக்கிறேன்" என்றேன். வைத்தியர் மனைவி என் கைகளைப் பார்த்தார். "ஆடாம பிடிப்பியா?" "பிடிப்பேங்க."

அம்மாவுக்கு எதிரே மண்டியிட்டு, கொடியைக் கழுத்தில் படாதபடி இரு கைகளாலும் விரித்துப் பிடித்தேன். அவ்வளவு கனமென்று எனக்கு அதுவரை தெரியாது. வைத்தியர் மனைவி சுடுஎண்ணெய் தடவி வெகுநேரம் நீவினார். பிறகு தலையை இரு கைகளிலும் ஏந்தி, மெல்ல மேலே இழுத்து, ஒரு பக்கம் திருப்பினார். முருங்கைக்காய் ஒடிவதுபோல ஒரு சத்தம். கொடியை நான் விடவில்லை.

அம்மா கண்ணைத் திறந்தார். என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஒனக்கு அந்தப் பல்லு எப்ப விழுந்துச்சு?"

அது ஐப்பசியிலேயே விழுந்துவிட்டது.

திரும்பும்போது அம்மா வண்டிக்காரரிடம் பத்துச் சதம் குறைக்கச் சொன்னார். அவர் சந்தோஷமாகக் குறைத்துக்கொண்டார்.

ஒரே தடவையில் வலி போய்விடும் என்று நினைத்துப் போகாதீர்கள். அம்மாவுக்கு அடுத்த வாரமே மறுபடி வந்தது. ஆனால் ஜன்னலைச் சாத்தும் அளவுக்கு இல்லை. உயரத் தலையணை கூடாது. தலையில் தண்ணீர்க்குடம் கூடாது. கை பழகாத யாரிடமும் கழுத்தைக் கொடுக்காதீர்கள். அங்கே கூலி கேட்பதில்லை. வெற்றிலைக்குள் வைத்து உங்களால் முடிந்ததைக் கொடுக்கலாம்.

மூன்றாம் முறை அப்பா கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். திருச்சிப் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. கொடியைத் தானே பிடிப்பதாகச் சொன்னார். பிடிப்பவரின் கை நடுங்கினால் வைத்தியர் மனைவி வேலையை நிறுத்திவிடுவார் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அப்பாவுக்காக இரண்டு முறை நிறுத்தினார்.