தட்டினால் வந்த மீன்கள்

மீன்பண்ணையில் அவளைத் தொட்டிக்காரி என்பார்கள். தொட்டிகளைக் கழுவுவதும் தீனி போடுவதும் அவள் வேலை. அங்கே வளர்ந்தவை சிவப்புவால் கெண்டைகள். பக்கத்து ஆற்றைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. கூழாங்கல் இடுக்கில் முட்டையிடும் மீன். மணல் லாரிகள் கற்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போனபின் ஆற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முன்பே பிடித்து வைத்திருந்தவற்றைப் பண்ணையில் பெருக்கி, புதிதாகக் கல் கொட்டிய ஆற்று மடுவில் திரும்ப விடுவதாகத் திட்டம்.

தீனி போடுமுன் குவளையால் தொட்டி விளிம்பைத் தட்டுவாள். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் செய்து காட்டுவாள்.

முதல் தடவை விட்ட மீன்கள் சீக்கிரமே குறைந்துபோயின. தண்ணீரைச் சோதித்தார்கள், குறையில்லை. உடனே பேச்சு கிளம்பியது: புருஷனை இழந்தவள், கைராசி இல்லாதவள். படித்த அதிகாரியும், "எதுக்கும் கொஞ்ச நாள் ஆபீஸைப் பெருக்குங்கம்மா" என்றார். மணலை வாரிய கைகளின் ராசியை எவரும் விசாரிக்கவில்லை.

பண்ணை வண்டி ஓட்டும் அவள் கொழுந்தன், "விடுங்க அண்ணி, விளக்குமாறு செத்துப் போகாது" என்றான்.

"வாயை மூடிட்டு வண்டியை எடு. மடுவைப் பாக்கணும்."

மடுவில் துணி துவைக்க வந்த பெண் இரும்பு வாளியை 'ணங்'கென்று கல்லில் வைத்தாள். நாலைந்து சிவப்பு வால்கள் மேலே வந்து வாய் பிளந்தன. கரையோரக் கொக்கு நின்ற இடத்திலிருந்தே ஒன்றைக் கொத்தியது.

"இதுங்களுக்குப் பயமே கிடையாது. நாங்க துண்டாலயே அள்ளிட்டுப் போனோம்" என்றாள் துவைக்க வந்தவள்.

தொட்டிக்காரி நேரே அதிகாரியிடம் போனாள். "ராசியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல சார். தட்டினா தீனின்னு நான்தான் பழக்கிவிட்டேன். அடுத்த குஞ்சுங்களையும் நானே வளக்குறேன்."

"மறுபடி போச்சுன்னா?"

"விளக்குமாத்தையே நிரந்தரமாக் குடுத்துடுங்க."

புதிய குஞ்சுகளுக்குக் கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்று குழாய் வழியே தீனி விட்டாள். முகம் காட்டிய நேரமெல்லாம் விளிம்பைத் தட்டி, கம்பால் தண்ணீரை அடித்தாள். நாளடைவில் அவள் நிழல் விழுந்தாலே மீன்கள் தொட்டியில் போட்டிருந்த கல்லடியில் புகுந்தன. பார்க்க வந்தவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவற்றை ஆற்றில் விட்டு, ஒரு மழைக்காலமும் கழிந்தபின், கொழுந்தனோடு மடுவுக்குப் போய்ப் புதர் மறைவில் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கற்களுக்கிடையே ஒரு சிவப்பு வால். அதன் பின்னால் ஒரு கூட்டம். நகமளவுக் குஞ்சுகளும் இருந்தன.

எழுந்து போய், கையோடு கொண்டுவந்த இரும்பு வாளியைக் கல்லில் தட்டினாள். மடு காலியாயிற்று.

"வளத்த உங்களைப் பாத்தே ஓடுதுங்களே அண்ணி!"

"ஓடட்டும். வா, தொட்டி கழுவணும்."